சிக்னலில் நின்றால் உதறும் பழைய கார்: ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

உங்கள் வண்டி 2008 மாடல் சான்ட்ரோ ஜிங், அப்பா ஓட்டியது, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஓடும்போது பெரிதாகத் தெரியவில்லை, சிக்னலில் நின்றால், அதுவும் ஏசி போட்டிருந்தால், ஸ்டியரிங்கும் சீட்டும் நடுங்குகின்றன. பிளக் மாற்றி, ஏர் ஃபில்டர் மாற்றி, திராட்டில் பாடியும் (இன்ஜினுக்குள் போகிற காற்றைக் கட்டுப்படுத்துகிற பகுதி) கிளீன் பண்ணிய பிறகு கொஞ்சம் குறைந்து, பத்தே நாளில் திரும்பி வந்துவிட்டது. இப்போது மெக்கானிக் எல்லா மவுண்டிங்கையும் (இன்ஜினைத் தாங்கி அதிர்வை வாங்கிக்கொள்கிற ரப்பர்) மாற்றலாம், அதிலும் சரியாகாவிட்டால் ஹெட்டை (சிலிண்டர்களை மூடியிருக்கிற, வால்வுகள் உள்ள மேல்பகுதி) கழற்றலாம் என்கிறார். இதுதானே கேள்வி?

ஹெட்டைக் கழற்ற இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். மவுண்டிங்கையும் இன்றைக்கே வாங்காதீர்கள். கோளாறு எந்தப் பக்கம் என்று யாரும் இன்னும் பார்க்கவே இல்லை, பொருளைத்தான் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நன்றாக இருக்கிற இன்ஜினை இப்படி ஊகத்தில் பிரித்துப் போட்டுவிட்டு, பிறகு பழைய இறுக்கம் வராமல் விற்றுவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இன்ஜின் ஒழுங்காக எரியாமல் உதறுகிறதா, அல்லது ஒழுங்காக ஓடுகிற இன்ஜினின் சாதாரண அதிர்வு தடுப்பில்லாமல் உள்ளே வருகிறதா? முதலாவது என்றால் பிளக், காயில் (பிளக்குக்கு உயர் மின்சாரம் கொடுப்பது), காற்று, பெட்ரோல், வால்வு இந்தப் பக்கம். இரண்டாவது என்றால் மவுண்டிங், சைலன்சர் ரப்பர், ஃபேன் இந்தப் பக்கம். இரண்டும் ஸ்டியரிங்கில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் எண்ணிப் பார்த்தால் வேறு வேறு.

உங்கள் இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர். 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) நிற்கும்போது ஒரு நொடிக்கு 26, 27 முறை எரிகிறது, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு ஆறு ஏழு முறை. எல்லாம் சரியாக எரிந்தால் வருவது அந்த 27-ன் அதிர்வு. அது கையில் தனித்தனி அடியாகத் தெரியாது, ஒரு ரீங்காரம் போல, மொபைல் வைப்ரேட் ஆவது போல இருக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் போனால் நொடிக்கு ஆறு ஏழு முறை ஒரு பள்ளம் விழும். அதைக் கிட்டத்தட்ட எண்ணவே முடியும், தட தட தட என்று வண்டியே ஆடும், இன்ஜினை மேலிருந்து பார்த்தால் குலுங்குவது கண்ணுக்குத் தெரியும். ஸ்டியரிங் மேல் உள்ளங்கையை லேசாக வைத்துக் கவனியுங்கள். ரீங்காரம் என்றால் மவுண்டிங் பக்கம், எண்ணக்கூடிய குலுக்கல் என்றால் மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் எரியாமல் போவது) பக்கம். எப்போதாவது ஒரு முறை மட்டும் ஒரு துள்ளல் என்றால் அதுவும் மிஸ்ஸிங்தான், விட்டுவிட்டு வருகிறது.

ஆர்பிஎம் முள்ளும் சொல்லும். பெட்ரோல் வண்டி நன்றாகச் சூடானபின் 700-லிருந்து 900-க்குள் ஓர் இடத்தில் நிற்க வேண்டும். முள் அசையாமல் நின்று வண்டி மட்டும் நடுங்கினால் இன்ஜின் மேல் சந்தேகம் குறைகிறது. முள்ளே ஏறி இறங்கினால் காற்று அல்லது ஐடில் வால்வு (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, அதாவது ஐடிலில், இன்ஜினுக்குக் காற்று விடுவது). முள் 600-க்குக் கீழே கிடந்தால் எவ்வளவு நல்ல மவுண்டிங்கும் நடுங்கத்தான் செய்யும், ஆர்பிஎம் ஏன் இறங்கியது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து 1,200-ல் நிறுத்திப் பாருங்கள். ரீங்காரம் அப்படியே மறைந்தால் மவுண்டிங் அல்லது குறைந்த ஐடில். 1,200-லும் துள்ளல் தொடர்ந்தால் மிஸ்ஸிங்.

இன்னொன்று, செலவே இல்லாதது. இன்ஜின் சூடானபின் ஒரு காகிதத் துண்டை சைலன்சர் குழாயின் வாயில் ஓர் அங்குலம் தள்ளிப் பிடியுங்கள். நல்ல இன்ஜின் அதைத் தொடர்ந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் தள்ளுவதில் தடுமாற்றம் வரும், பொக் பொக் என்று சத்தமும் கேட்கும். ஒரே சீரான இடைவெளியில் காகிதம் குழாயை நோக்கி இழுபட்டால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லையோ என்று நினைக்க வேண்டியிருக்கிறது, ஆனால் சைலன்சரில் ஓட்டை இருந்தாலும் இது குழப்பும்.

மிஸ்ஸிங்தான் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி, எந்த சிலிண்டர்? இதைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது. பல பட்டறைகளில் இன்னமும் இன்ஜின் ஓடும்போதே பிளக் வயரை உருவிப் பார்க்கிறார்கள். கையில் ஷாக் அடிக்கும், போகிற வழி இல்லாத மின்சாரம் காயிலையே சாகடிக்கலாம், எரியாத பெட்ரோல் சைலன்சரில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும். அதற்குப் பதில் இன்ஜெக்டர் (சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிப்பது) சாக்கெட்டை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பெட்ரோலே போகாது, அதனால் சேதமும் இல்லை. நல்ல சிலிண்டரின் சாக்கெட்டைக் கழற்றியவுடன் இன்ஜின் சட்டென்று விழும். அந்த முதல் நொடியைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் கம்ப்யூட்டர் உடனே காற்றைக் கூட்டி ஆர்பிஎம்மைத் திரும்ப ஏற்றிவிடும். எந்தச் சாக்கெட்டைக் கழற்றும்போது எந்த மாற்றமும் இல்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். இதைச் செய்யும்போது ஏசியை அணைத்துவிடுங்கள், ஃபேன் பெல்ட் பக்கம் சட்டைக் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் தெரிந்துவிட்டால் மீதி எளிது, இடம் மாற்றிப் பார்ப்பதுதான். இரண்டாம் சிலிண்டர் மிஸ் என்றால் அதன் பிளக்கை ஒன்றாம் சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ் ஒன்றுக்குப் போனால் பிளக். போகவில்லையா, வயரை மாற்றுங்கள், அப்புறம் இன்ஜெக்டரை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இரண்டை மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாமல் போய்விடும். வயர்களின் நீளம் வேறு வேறாக இருப்பதால் எல்லா இடத்துக்கும் எட்டாது, காயில் முனையை மாற்றாமல் பிளக் முனையை மட்டும் மாற்றினால் ஸ்பார்க் வரும் நேரமே தவறிவிடும், அதையும் கவனியுங்கள். இன்னொரு குறிப்பு: பிளக் வயர் உள்ள இந்தக் காலத்து நான்கு சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலும் ஒன்றும் நான்கும் ஒரு காயில், இரண்டும் மூன்றும் இன்னொரு காயில். ஜோடியாக இரண்டு சிலிண்டர் மிஸ் ஆனால் காயில் மேல் சந்தேகப்படலாம். ஒரே ஒரு சிலிண்டர் என்றால் வயர் அல்லது பிளக்தான் முதலில்.

இங்கே வயரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். பிளக்கை மாற்றுகிற எவரும் வயரை மாற்றுவதில்லை. 15 வருடத்துக்கு மேல் பானெட்டுக்குள் வெந்த ரப்பர் அது. நான் முன்பு வைத்திருந்த ஒரு பழைய பெட்ரோல் காரில் இதே கதை, நின்றால் உதறும், மழைக்காலத்தில் காலையில் ரொம்ப மோசம். பிளக் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. ஓர் இரவு ஷெட் விளக்கை அணைத்துவிட்டு, பூச்செடிக்குத் தெளிக்கிற பாட்டிலில் தண்ணீர் எடுத்து வயர்கள் மேல் பனி போல அடித்தேன். மூன்றாவது வயரின் பிளக் முனையில், பிளக்கை மூடுகிற ரப்பர் பூட் ஹெட்டைத் தொடுகிற இடத்தில், முடி அளவுக்கு ஒரு நீல நூல் டிக் டிக் என்று குதித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் பூட்டின் உள்பக்கம் பென்சிலால் கீறியது போல ஒரு கறுப்புக் கோடு, பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேலும் அதே இடத்தில் அதே கோடு. கரி படிந்த அந்தக் கோடு வழியாக ஸ்பார்க் வெளியே ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே எரிவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. புது பிளக் போட்டபோது சில நாள் சரியானதற்கும் அதுதான் காரணம். பீங்கான் சுத்தமாக இருந்தவரைக்கும் தாக்குப்பிடித்தது, பழைய பூட் அதிலும் கோடு இழுத்துவிட்டது. உங்கள் வண்டி பத்து நாள் சரியாகித் திரும்பியது என்று படித்தவுடன் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இதுதான். தண்ணீர் தெளிப்பதைச் செய்யும்போது எதையும் தொடாதீர்கள், தள்ளி நின்று பாருங்கள்.

பகலில் என்றால் மல்டிமீட்டரில் வயரின் இரு முனையையும் அளந்து பாருங்கள். சில கிலோ ஓம் காட்டும், நீளமான வயர் கொஞ்சம் அதிகம் காட்டும். ஒன்று மட்டும் மற்றதைவிடப் பல மடங்கு காட்டினாலோ எதுவுமே காட்டாவிட்டாலோ அது போய்விட்டது. ஆனால் அளவு சரியாக இருந்தும் வெளியே லீக் அடிக்கலாம், அதனால் இருட்டுச் சோதனையை விடாதீர்கள்.

கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் ஒரு துணியில் அடுக்கிப் பாருங்கள். லேசான பழுப்பு நிறம் என்றால் நன்றாக எரிகிறது. காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஸ்பார்க் குறைவு. எண்ணெய் ஈரம் முனையில் இருந்தால் உள்ளிருந்து ஆயில் வருகிறது. மரைக்கு மேலே, வெளிப்பக்கம் ஆயில் இருந்தால் பயப்பட வேண்டாம், வால்வு கவர் பேக்கிங் அல்லது பிளக் குழியின் சீல் போயிருக்கிறது, சின்ன வேலை, ஆனால் அந்த ஆயில் பூட்டை ஊறவைத்துக் கெடுக்கும் என்பதால் சீல் மாற்றாமல் வயரை மட்டும் மாற்றிப் பயனில்லை. இடைவெளியையும் பாருங்கள். என்ஜிகே பிளக்கின் எண் 11 என்று முடிந்தால் 1.1 மில்லிமீட்டர். பெட்டியிலிருந்து எடுத்தபடியே சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள், கீழே விழுந்திருந்தால் இடைவெளி மூடியிருக்கும். திரும்பப் போடும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், முதல் சில சுற்று கையால்தான். அலுமினிய ஹெட்டில் மரை போனால் அது வேறு செலவு.

சரி, ஸ்பார்க் பக்கம் எல்லாம் நன்றாக இருக்கிறது, முள் மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் காற்று. இந்த வயது வண்டியில் ரப்பர் ஹோஸ்கள் பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். பிரேக் பூஸ்டருக்குப் போகிற ஹோஸ், பிசிவி வால்வின் (இன்ஜினுக்குள் சேர்கிற ஆவியைத் திரும்ப உள்ளே இழுப்பது) ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கிற குழாய்) பேக்கிங், இன்ஜெக்டர் அடியில் இருக்கிற ரப்பர் வளையம், இந்த நான்கு இடம்தான் அதிகம். இன்ஜின் ஓடும்போது உஸ் என்ற சத்தம் எங்கே என்று ஒரு சின்னக் குழாயைக் காதில் வைத்துத் தேடலாம். ஹோஸை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய கொறடால் மெதுவாக நெரித்துப் பாருங்கள், எதை நெரித்தால் ஐடில் மாறுகிறதோ அந்தப் பக்கம் லீக். பட்டறையில் கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பார்கள், வேகமாகக் கண்டுபிடிக்கும், ஆனால் சூடான சைலன்சர் பக்கத்தில், ஸ்பார்க் லீக் இருக்கிற வயர் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், அதனால் வயரைச் சரிபார்த்த பிறகுதான் அது. ஒரு நுணுக்கம்: காற்றை நேரடியாக அளக்காமல், மேனிஃபோல்டின் அழுத்தத்தை மேப் சென்சார் வழியாகப் பார்த்துப் பெட்ரோல் கொடுக்கிற வண்டிகளில் லீக் இருந்தால் திணறலைவிட ஐடில் ஏறுவதுதான் அதிகம், 1,100, 1,200 என்று நிற்கும் அல்லது ஊஞ்சல் ஆடும். அப்படி எதுவும் இல்லாமல் ஐடில் இறங்கிக் கிடந்தால் லீக்கைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஏசி போட்டால் அதிகமாகிறது என்றீர்களே, அதைத் தனியாகப் பிரிக்க வேண்டும். ஏசி ஸ்விட்சைப் போட்டவுடன் மூன்று விஷயம் ஒன்றாக நடக்கிறது: கம்ப்ரஸர் இன்ஜினை இழுக்கிறது, ரேடியேட்டர் பக்கத்து ஃபேன் சுற்றுகிறது, அந்த ஃபேனுக்கு மின்சாரம் கொடுக்க ஆல்டர்னேட்டரும் கூட இழுக்கிறது. எது உதறவைக்கிறது? ஏசியை அணைத்து, ஹெட்லைட்டை ஹை பீமில் போட்டு, உள்ளே புளோவரை முழு வேகத்தில் வையுங்கள். இதற்கே முள் இறங்கி உதறினால் ஐடில் வால்வு ஈடுகட்டவில்லை என்று அர்த்தம். திராட்டில் பாடியைச் சுத்தம் செய்தவர் அந்த வால்வையும் கழற்றிச் சுத்தம் செய்தாரா என்று கேளுங்கள், தட்டை மட்டும் துடைத்துவிட்டு வால்வின் கரியை அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. நல்ல வண்டியில் கம்ப்ரஸர் டக் என்று சேரும்போது முள் ஒரு நொடி தாழ்ந்து உடனே பழைய இடத்துக்கோ கொஞ்சம் மேலேயோ வந்துவிடும்.

ஃபேனைப் பார்க்க, இன்ஜினை நன்றாகச் சூடாக்கி அணைத்துவிட்டு, சாவியை மட்டும் ஆனில் வைத்தால் பெரும்பாலும் ஃபேன் தனியாகச் சுற்றும். இன்ஜின் ஓடாதபோதும் ஸ்டியரிங்கில் அதே நடுக்கம் இருந்தால் இன்ஜினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஃபேன் இறக்கை ஒன்று உடைந்திருக்கும் அல்லது மோட்டார் புஷ் தேய்ந்திருக்கும். இப்படி ஒரு வண்டியில் இறக்கையின் விரல் நக அளவு துண்டு உடைந்திருந்தது, அதற்காக இரண்டு மவுண்டிங் மாற்றியிருந்தார்கள்.

இனி மவுண்டிங். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்தக் கிலோமீட்டருக்கு ரப்பர் இறங்கியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பார்த்துவிட்டு மாற்றுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்தி மிதித்து, முதல் கியரில் கிளட்சை லேசாக மட்டும் விடச் சொல்லி, பக்கவாட்டில் நின்று இன்ஜினைப் பாருங்கள், வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. கொஞ்சம் சாய்வது இயல்பு. டொக் என்ற சத்தத்தோடு துள்ளினால் அந்தப் பக்க ரப்பர் கிழிந்திருக்கிறது. ரிவர்ஸிலும் இதையே செய்யுங்கள், சில கிழிசல் ஒரு பக்கம் இழுக்கும்போதுதான் வாய் திறக்கும். இன்னொரு வழி, ஆயில் சம்ப் அடியில் அகலமான மரப்பலகை வைத்து, ஜாக்கியால் கால் அங்குல அளவுக்கு மட்டும் இன்ஜினைத் தூக்குவது. நடுக்கம் அப்போது குறைந்தால் சந்தேகம் உறுதி. சம்ப் தகடு மெல்லியது, பலகை இல்லாமல் ஜாக்கியை நேராக வைக்காதீர்கள், இன்ஜின் அடியில் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

மாற்றுவதென்றால் ஒரிஜினல் வாங்குங்கள். பாதி விலைக்குக் கிடைக்கிற டூப்ளிகேட்டில் ரப்பர் கல் மாதிரி இருக்கும், புதுசு போட்ட பிறகு நடுக்கம் கூடிவிட்டது என்று வருகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். மாட்டும்போது போல்ட்டுகளை முழுசாக முறுக்காமல் கொஞ்சம் தளர்வாக விட்டு, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, அது தானாக உட்கார்ந்த இடத்தில் முறுக்கச் சொல்லுங்கள். இழுத்துப் பிடித்து மாட்டிய ரப்பர் முதல் நாளிலிருந்தே அதிர்வைக் கடத்தும். பழைய மவுண்டிங் நன்றாக இருந்தாலும் இந்தத் தளர்த்தி முறுக்குகிற வேலையே சில வண்டிகளில் பாதி நடுக்கத்தைக் குறைத்துவிடும். அடியில் இருக்கும்போதே சைலன்சரைத் தாங்குகிற ரப்பர் வளையங்களையும், குழாய் பாடியில் எங்காவது உரசிப் பளபளப்பாகி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பெட்ரோலைப் பற்றிச் சுருக்கமாக: இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நிற்கிற வண்டியில் இது தொல்லை தரும். அப்பாவின் வண்டி கொஞ்ச காலம் நின்றிருந்தால் டாங்க்கை ஏறக்குறையக் காலியாகும்வரை ஓட்டிப் புதுசாக நிரப்பிவிட்டு, அப்புறம் சோதனையைத் தொடங்குங்கள். ஸ்கேனர் இருந்தால் பி0301 முதல் பி0304 வரையிலான குறிகள் எந்த சிலிண்டர் மிஸ் என்று நேராகவே சொல்லும். ஆனால் இந்தியாவில் ஓபிடி (வண்டியே தன் கோளாறைக் குறித்துவைக்கிற முறை) கட்டாயமானதே 2010-லிருந்துதான், உங்கள் மாடலில் கடையில் விற்கிற சின்ன புளூடூத் கருவி பேசாமல் போகலாம், அந்தக் கம்பெனிக்கான ஸ்கேனர் உள்ள பட்டறை வேண்டும்.

இதெல்லாம் பார்த்து, ஸ்பார்க்கும் பெட்ரோலும் சரியாக இருந்தும் அதே சிலிண்டர் எரியவில்லை என்றால் மட்டும் உள்ளே பார்க்க வேண்டும். அப்போதும் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் கம்ப்ரஷன் டெஸ்ட். எல்லா பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர் சாக்கெட்டுகளையும் காயில் சாக்கெட்டையும் எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்து செல்ஃப் அடிக்க வேண்டும், பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். சாதாரணமாக 150-லிருந்து 190 பிஎஸ்ஐ வரும். எண்ணைவிட நான்குக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். நான்கும் 150 என்றால் ஐடில் உதறாது. மூன்று 170, ஒன்று மட்டும் 110 என்றால் அங்கேதான் கோளாறு. அந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் பேக்கிங். வண்டியில் எப்போதாவது எல்பிஜி கிட் போட்டு ஓட்டியிருந்தால் வால்வு சீட் உள்ளே இறங்கி டேப்பெட் (வால்வை அழுத்தித் திறக்கிற பாகம்) இடைவெளி மூடியிருக்கலாம், டேப்பெட் வைக்கிற வசதி உள்ள இன்ஜினில் அதைச் சரிசெய்வதிலேயே வேலை முடிந்துவிடும். டைமிங் பெல்ட் மாற்றிய பிறகுதான் இந்த உதறல் ஆரம்பித்தது என்றால் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அதுவரை வண்டியை ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ரீங்காரம் மட்டும் என்றால் தாராளமாக ஓட்டலாம். எண்ணக்கூடிய குலுக்கல் என்றால், முக்கியமாக செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், நீண்ட பயணத்துக்கு எடுக்காதீர்கள், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டரை உருக்கிவிடும், அதன் விலையில் நல்ல வயர் செட் பல வாங்கலாம். இன்று இரவே விளக்கை அணைத்துவிட்டு அந்தத் தண்ணீர் பாட்டில் சோதனையைச் செய்து பாருங்கள், ஐந்து நிமிடம்தான் ஆகும்.